இசைத் தளங்களின் வருவாய் வழிகள் – ஒரு நோக்கு

பாடுவோர்க்குப் பொருள் எங்கிருந்து வரும் என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் கூறி அனுப்புவதை ஓர் இலக்கிய வகையாகவே நம் முன்னோர் வளர்த்தனர். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பிற்காலத்தில் உமறுப் புலவருக்குச் சீதக்காதி வாய்த்தது போலப் பாவலர்க்குப் புரவலர் ஒருவர் வாய்த்தல் பெரும்பேறாகக் கருதப்பட்டது. இசைத்தட்டு, வானொலி, திரைப்படம், ஒலிநாடா எனக் கருவிகள் மாறியபோதெல்லாம் இசைவாணரின் புரவலரும் மாறினர். இணையம் வந்தபின் அதே வினா மீண்டும் எழுந்துள்ளது. இம்முறை பாடுபவர் மட்டுமல்லர், அவர் பாடலை ஏந்தி நிற்கும் இணையத்தளமும் தான் வாழும் வழியைத் தேடுகிறது.

பதாகை விளம்பரத்தை மட்டும் நம்பிய இசைத் தளங்கள் நிலைக்காமற் போனமைக்குக் காரணம் என்ன, வேறு வழி கண்ட தளங்கள் எவ்வாறு நிலைத்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டுகளுள் பெரும்பாலானவை அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சார்ந்தவை. இத்தகைய முயற்சிகள் அங்கு முதலில் தோன்றியமையே அதற்குக் காரணம். இறுதியில் நம் நாட்டு நிலையையும் நோக்குவோம்.

பதாகையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' என்னும் அமெரிக்க இணைய இதழ் தன் பக்கங்களின் மேற்புறத்தில் நீண்ட பட்டை வடிவிலான விளம்பரங்களை வெளியிட்டது. இணையப் பதாகை விளம்பரத்தின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. அவற்றுள் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தைக் கண்டவர்களுள் நூற்றுக்கு 44 பேர் அதனைச் சொடுக்கினர் என்பர். புதுமை தந்த வேகம் அது. புதுமை தேய்ந்தபின் நூற்றுக்கு ஒருவர் சொடுக்குவதும் அரிதாயிற்று. மேலும், அக்காலத்தில் இணையத்தில் விளம்பரம் செய்தவர்களுள் மிகப் பலர் பிற இணைய நிறுவனத்தாரே. 2000, 2001 ஆண்டுகளில் அந்நிறுவனங்கள் சரிந்தபோது விளம்பரக் கட்டணமும் உடன் சரிந்தது.

இவ்வெழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒருங்கே காட்டும் சான்று எம்.பி.3 டாட் காம் என்னும் தளமாகும். மைக்கேல் ராபர்ட்சன் என்பவர் 1997-இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் அதனைத் தொடங்கினார். எந்த நிறுவனத்தின் ஆதரவும் இல்லாத கலைஞர்கள் தம் பாடல்களைக் கட்டணமின்றி அதில் ஏற்றலாம். உலகம் முழுவதும் உள்ளோர் கட்டணமின்றிக் கேட்கலாம். 1999 ஜூலையில் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்று ஏறத்தாழ 37 கோடி டாலரைத் தளம் திரட்டியது. பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டதோ அதற்கேற்பக் கலைஞருக்குத் தொகை வழங்கும் திட்டமும் வந்தது. நல்ல திட்டமே. ஆயின் அத்தொகை பாடலைக் கேட்டவர் தந்ததன்று. விளம்பரதாரரும் முதலீட்டாளரும் தந்தது. தம் பாடலைத் தாமே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து கணக்கை உயர்த்தும் சூழ்ச்சிக்கும் அது இடம் தந்தது.

2000 ஜனவரியில், பயனாளர் தம்மிடமுள்ள குறுந்தகடுகளின் பாடல்களை இணையவழி கேட்பதற்கென ஆயிரக்கணக்கான குறுந்தகடுகளை உரிமையாளர் இசைவின்றி இத்தளம் படியெடுத்து வைத்தது. வழக்குகள் தொடர்ந்தன. யுனிவர்சல் நிறுவனத்திற்கு மட்டும் 5 கோடியே 34 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. 2001-இல் தளம் விவெண்டி யுனிவர்சலுக்கு விற்கப்பட்டது. 2003 டிசம்பரில் அது மூடப்பட்டு, இலட்சக்கணக்கான பாடல்கள் இணையத்தினின்று அகற்றப்பட்டன.

இதன் இழப்பை நாம் பணக் கணக்கால் மட்டும் அளத்தல் கூடாது. பெரிய நிறுவனத்தின் பாடல் வேறிடத்தில் கிடைக்கும். பெயர் அறியப்படாத கலைஞன் ஏற்றிய ஒரே படி அத்தளத்தோடு மறையும். 'மைஸ்பேஸ்' தளத்தில் நேர்ந்ததும் அதுவே. 2006-இல் கூகுள் நிறுவனத்திடம் குறைந்தது 90 கோடி டாலர் விளம்பர வருவாய்க்கு உறுதி பெற்ற பெருந்தளம் அது. கூட்டம் வேறிடம் பெயர்ந்தபின் அதனைப் பேணுவார் அருகினர். 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள், சேமிப்புக் கணினிகளை மாற்றும் பணியில் அழிந்துபோயின என 2019 மார்ச்சில் செய்தி வெளிவந்தது. ஏறக்குறைய 1 கோடியே 40 இலட்சம் கலைஞர்களின் 5 கோடிப் பாடல்கள் எனக் கணக்கிட்டனர். பின்னர் ஓர் ஆய்வுக் குழுவினர் தமக்கென எடுத்து வைத்திருந்த 5 இலட்சத்திற்குச் சற்றுக் குறைவான பாடல்கள் மட்டும் மீட்கப்பட்டன. ஆதலின் ஒரு தளம் எதனால் பொருள் ஈட்டுகிறது என்பது, அதில் உள்ள பாடல் நாளையும் கேட்குமா என்பதோடு பிணைந்த வினாவாகும்.

கண்ணும் செவியும்

செய்தித் தளத்திற்கு ஓரளவு பொருந்திய பதாகை இசைத் தளத்திற்குப் பொருந்தாமைக்கு இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது எளிது. பதாகை கண்ணால் காணத்தக்கது. இசை செவியால் கேட்கத்தக்கது. செய்தி படிப்பவர் பக்கத்திலேயே கண் வைத்திருப்பர். பாடல் கேட்பவரோ பாடலை ஒலிக்கவிட்டு வேறு வேலையில் ஈடுபடுவர். இரண்டு மணி நேரம் தளத்தின் பயனைத் துய்ப்பவர் இரண்டு நிமிடமே அதன் பக்கத்தைப் பார்க்கிறார்.

இரண்டாவது காரணம் செலவு பற்றியது. எழுதி முடித்த ஒரு கட்டுரையைப் பத்துப் பேர் படித்தாலும் பதினாயிரம் பேர் படித்தாலும் எழுதியவருக்குத் தரும் ஊதியம் பெரும்பாலும் ஒன்றே. இசையில் அவ்வாறன்று. கேட்போர் பெருகப் பெருக உரிமைத்தொகையும் பெருகும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2002 ஜூனில் அமெரிக்காவில் இணைய வானொலிகளுக்கு அரசு உறுதி செய்த உரிமைத்தொகை, ஒரு பாடலை ஒருவர் ஒருமுறை கேட்பதற்கு ஒரு சென்டில் நூற்றில் 7 பங்கு. மிகச் சிறிய தொகையாகத் தோன்றும். ஒரு நிலையத்தை எந்நேரமும் 1,000 பேர் கேட்கின்றனர் எனவும் மணிக்கு 15 பாடல்கள் ஒலிக்கின்றன எனவும் கொள்வோம். மணிக்கு 15,000 கேட்புகள்; செலுத்தவேண்டியது பத்தரை டாலர். நாள் ஒன்றுக்கு 252 டாலர். இனி வரவைப் பார்ப்போம். ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரம் கேட்பாராயின் நாளொன்றுக்கு 12,000 பேர் வந்து செல்வர். ஒருவர் மூன்று பக்கங்களைத் திறந்தால் 36,000 பார்வைகள். ஆயிரம் பார்வைக்கு ஒரு டாலர் கிடைப்பதாகக் கொண்டால் வரவு 36 டாலர். செலவில் ஏழில் ஒரு பங்குதான்! புகழ் பெருகுந்தோறும் கடன் பெருகும் தொழிலாக அது முடிந்தது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. சான்பிரான்சிஸ்கோ நகரின் 'சோமா எஃப்.எம்.' என்னும் இணைய வானொலி அவ்வாணை வெளிவந்தவுடன் ஒலிபரப்பை நிறுத்தியது. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கக் காங்கிரசு சிறு ஒலிபரப்பாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றி, வருவாயில் ஒரு பங்கைச் செலுத்தும் முறைக்கு வழி செய்தது. சோமா மீண்டும் ஒலித்தது. அது பதாகையை நம்பி மீளவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

விற்பனை

பதாகைக்கு அடுத்தபடியாகத் தளத்தார் நாடியது தரகு. பாடலைப் பற்றி எழுதும் தளம், குறுந்தகடு விற்கும் கடைக்கு இணைப்புத் தரும். அவ்வழியே சென்றவர் வாங்கினால் தளத்திற்கு ஒரு பங்கு கிடைக்கும். 'சி.டி.நவ்' என்னும் கடை 1994-இலும் அமேசான் 1996-இலும் இம்முறையைத் தொடங்கின. ஆற்றுப்படுத்திய பாணனுக்குத் தரகு கொடுத்தது போன்றதே இது எனலாம். குறுந்தகடு வாங்குவார் குறைந்தபின் இவ்வருவாய் மெலிந்துவிட்டது.

நேரே விற்பதில்தான் உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. டெரக் சிவர்ஸ் என்னும் இசைக்கலைஞர் தம் குறுந்தகட்டை விற்க இடமின்றித் தாமே ஒரு பக்கம் அமைத்தார். நண்பர்கள் தம் குறுந்தகடுகளையும் விற்றுத் தருமாறு கேட்டனர். 1998-இல் தோன்றிய 'சி.டி. பேபி' அவ்வாறு வளர்ந்தது. அதன் அக்கால வரவு முறை இரண்டு வரியில் அடங்கியது. ஒரு குறுந்தகட்டைத் தளத்தில் சேர்க்க 35 டாலர். ஒவ்வொரு படி விற்கும்போதும் 4 டாலர். விலையைக் கலைஞரே முடிவு செய்தார். எஞ்சிய தொகை முழுவதும் அவருக்கு. தொகை வாரந்தோறும் வழங்கப்பட்டது. கடையில் குறுந்தகடு கொடுத்துவிட்டு ஓராண்டு காத்திருந்தும் கணக்குக் கிடைக்காத கலைஞர்க்கு இது பெரிய மாற்றம்.

அதனினும் பெரிது மற்றொன்று. வாங்குபவர் மறுக்காவிடின் அவர் யார், எவ்வூரினர் என்னும் குறிப்பைத் தளம் கலைஞருக்குத் தெரிவித்தது. எந்த ஊரில் தம் பாடலுக்குப் பத்துப் பேர் உள்ளனர் என்பதை அறிந்த கலைஞர் அவ்வூரில் நிகழ்ச்சி நடத்த எண்ணலாம். பதாகை விளம்பரத்தில் கேட்பவர் ஓர் எண்ணிக்கை. இங்கு அவர் பெயருடைய மனிதர். சி.டி. பேபியில் பதாகையும் இருக்கவில்லை, பணம் கொடுத்து முன்னிடம் பெறும் வாய்ப்பும் இருக்கவில்லை. 2008-இல் 2 கோடியே 20 இலட்சம் டாலருக்கு அது கைம்மாறியது. சிவர்ஸ் அதற்கு முன்னரே நிறுவனத்தை இசைக் கல்விக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு உரியதாக்கியிருந்தார்.

பாடல்களைத் தனித்தனியே விற்பதில் ஓர் இடர் இருந்தது. இதனை வணிகவியல் மாணவர்கள் கருத்திற் கொள்ளலாம். அமெரிக்காவில் இணையவழிப் பணம் பெறுவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடும், அதன்மேல் ஒவ்வொரு முறையும் 30 சென்டும் கட்டணம் என்பது பரவலான வழக்கம். 20 டாலர் பொருளுக்கு இது பெரிதன்று. 99 சென்ட் பாடலுக்கோ மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். 2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் நிறுவனம் தொடங்கிய ஐடியூன்ஸ் கடை 99 சென்டுக்கு ஒரு பாடல் என விற்று முதல் வாரத்திலேயே 10 இலட்சம் பாடல்களை விற்றது. ஒருவர் சில நாட்களில் வாங்குவனவற்றைச் சேர்த்து ஒரே கட்டணமாக்கியே ஆப்பிள் அவ்விடரைத் தாண்டியது. சிறு தளங்களுக்கு அவ்வசதி அரிதாயிருந்தது.

2008-இல் தொடங்கிய 'பேண்ட்கேம்ப்' இவ்வனுபவங்களையெல்லாம் கண்டபின் எழுந்த தளம். முதல் இரண்டு ஆண்டுகள் அது பங்கு ஏதும் பெறவில்லை. 2010 முதல் பாடற் கோப்பு விற்பனையில் நூற்றுக்கு 15-உம், குறுந்தகடு, இசைத்தட்டு, சட்டை போன்ற பொருள்களில் நூற்றுக்கு 10-உம் பெறுகிறது. கலைஞருக்கு வருவாய் வந்தால்தான் தளத்திற்கு வருவாய். கேட்ட விலைக்கு மேல் விரும்பிய தொகையைச் செலுத்தவும் அங்கு இடமுண்டு. பலர் அவ்வாறே செலுத்துகின்றனர். கட்டணமின்றிக் கேட்க வாய்ப்பிருந்தும் மக்கள் விலை கொடுத்து வாங்குவர் என்பதை நம்பாதவர்கள் 2020 மார்ச் 20 அன்று நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். கொரோனா நோயால் நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றுபோன அவ்வேளையில், தளம் தன் பங்கை அன்று ஒருநாள் விட்டுக்கொடுத்தது. அந்த ஒரே நாளில் கேட்போர் 43 இலட்சம் டாலருக்கு வாங்கினர்.

ஆயினும் பேண்ட்கேம்பின் பிற்கால வரலாறு மனநிறைவு தருவதாக இல்லை. 2022-இல் எபிக் கேம்ஸ் என்னும் கணினி விளையாட்டு நிறுவனம் அதனை வாங்கியது. அடுத்த ஆண்டே சாங்டிராடர் என்னும் வேறொரு நிறுவனத்திற்கு விற்றது; பணியாளருள் ஏறக்குறையப் பாதிப்பேர் வேலை இழந்தனர். வருவாய் வழி செம்மையாக இருந்தும், தளம் யாருக்குச் சொந்தம் என்னும் வினாவில் அதில் பாடல் வைத்த கலைஞர்க்குச் சொல்லுரிமை இருக்கவில்லை. சிவர்ஸ் அறக்கட்டளையை நாடியதை இதனோடு ஒப்பிடலாம். அதுவும் முழுத் தீர்வு அன்று என்பதே நம் கருத்து. கலைஞர்களே பங்குதாரராக அமையும் கூட்டுறவு முறை இத்துறையில் இன்னும் போதிய அளவு முயன்று பார்க்கப்படவில்லை.

சந்தா

மாதம் ஒரு தொகை செலுத்தி விரும்பியவாறு கேட்கும் முறை இன்று பெருவழக்காயுள்ளது. தொடக்கத்தில் அது தடுமாறியது. 'இமியூசிக்' தளம் 2000-இல் மாதம் 10 டாலருக்கு வரையறையின்றிப் பாடல்களைப் பதிவிறக்க இசைந்தது. வரையறை இல்லை என்றவுடன் அள்ளிச் செல்வோர் மிகுந்தனர். 2003-இல் உரிமை கைமாறியபின் அதே தொகைக்கு 40 பாடல்கள் என வரம்பு வந்தது.

2008-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட சுவீடன் நாட்டின் ஸ்பாட்டிஃபை, விளம்பரத்தோடு கட்டணமின்றிக் கேட்கும் வழி, விளம்பரமின்றிச் சந்தா செலுத்திக் கேட்கும் வழி என இரண்டையும் வைத்தது. 2024-ஆம் ஆண்டில் அதன் மொத்த வருவாய் ஏறத்தாழ 1,567 கோடி யூரோ. அதில் விளம்பரத்தால் வந்தது 185 கோடி மட்டுமே. நூற்றுக்கு 12 எனலாம். உலகின் மிகப் பெரிய இசைத் தளமே விளம்பரத்தை, சந்தாவுக்கு ஆள் சேர்க்கும் வாயிலாகவே பெரிதும் பயன்படுத்துகிறது என்பது இதனால் விளங்கும். அதுவும் ஓர் ஆண்டு முழுமைக்கும் இலாபம் கண்டது 2024-இல்தான். வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்க்குச் செல்கிறது.

அப்பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல் உள்ளது. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இருவர் மட்டுமே சந்தாதாரர் எனவும், ஒவ்வொருவர் சந்தாவினின்றும் கலைஞர்க்கென 100 ரூபாய் ஒதுக்கப்படுகிறது எனவும் கொள்வோம். ஒருவர் மாதம் முழுவதும் ஒரு நாகசுரக் கலைஞரின் இசையை 10 முறை கேட்கிறார். மற்றவர் திரைப்பாடகர் ஒருவரின் பாடல்களை 990 முறை கேட்கிறார். எல்லாத் தொகையையும் ஒரே குவியலாக்கிக் கேட்பு எண்ணிக்கையால் பிரித்தால் நாகசுரக் கலைஞருக்குக் கிடைப்பது 2 ரூபாய். அவரை மட்டுமே விரும்பி 100 ரூபாய் செலுத்தியவரின் தொகையில் பெரும்பகுதி, தாம் ஒருமுறையும் கேட்டிராதவருக்குச் சென்றுவிடுகிறது. அவரவர் சந்தா அவரவர் கேட்டவர்க்கே செல்லும் எனில் நாகசுரக் கலைஞருக்கு 100 ரூபாய் கிடைக்கும். பெர்லின் நகரில் தோன்றிய 'சவுண்ட்கிளவுட்' 2021-இல் இப்பிந்திய முறையைத் தனிநிலைக் கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபை குவியல் முறையிலேயே நிற்பதோடு, பன்னிரண்டு மாதத்தில் 1,000 கேட்பை எட்டாத பாடலுக்குத் தொகை இல்லை என 2024-இல் விதித்தது. சிறு கலைஞர்களை ஏந்தும் தளம் சந்தாவைத் தேர்ந்தால், பிரிக்கும் முறையையும் முதலிலேயே தேர்ந்துகொள்ளுதல் நலம்.

கலைஞரிடமே கட்டணம் பெறும் வழியும் உண்டு. மேற்சொன்ன சவுண்ட்கிளவுட் நெடுங்காலம் பாடல் ஏற்றுவோரிடம் பெற்ற கட்டணத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. அது போதாமல் 2017-இல் 173 பணியாளர்களை நீக்க நேர்ந்தது. இடம் தருவதற்குக் கட்டணம் பெறுவதில் குற்றமில்லை. 'உம் பாடலைப் புகழ்பெறச் செய்வோம்' என்று கட்டணம் பெறும் தளங்கள் பல உள. அவை இளைஞரின் ஆசையை விற்பனவே அன்றி இசையை விற்பன அல்ல. நம் மாணவர்கள் அவற்றினின்று விலகி நிற்க.

உரிமம்

கேட்பவர் அறியாமலே நடைபெறும் விற்பனை ஒன்று உண்டு. ஆவணப்படம் எடுப்பவருக்கும், உணவகம் நடத்துபவருக்கும், விளம்பரம் தயாரிப்பவருக்கும் இசை தேவை. உரிமையாளரைத் தேடி, பேசி, ஒப்பந்தம் எழுதுவதற்கு அவர்களுக்கு நேரமில்லை. 2003-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் பக்மன் தொடங்கிய 'மேக்னட்யூன்' இத்தேவையைப் பயன்படுத்திக்கொண்டது. எப்பயனுக்கு, எவ்வளவு காலத்திற்கு என்பவற்றைக் குறித்தால் உரிமத்தின் விலையைத் தளமே கணக்கிட்டுக் காட்டும். இசைத் தொகுப்பு வாங்குவோர் 5 முதல் 18 டாலர் வரை விரும்பிய விலையைத் தாமே தேர்ந்தனர். கிடைத்ததில் பாதி கலைஞருக்கு. மேலைச் செவ்வியல், மத்தியகால இசை போன்று கடைகளில் இடம் குறைந்த இசை வகைகள் அங்கு இடம்பெற்றன.

புரவலர் பலர்

இனி நாம் மிகுதியும் விரும்பி நோக்குவது கேட்போர் தரும் கொடையையே. 2000-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் என்னும் சிற்றூரில் ஒரு கணவனும் மனைவியும் தம் இல்லத்தினின்று 'ரேடியோ பாரடைஸ்' என்னும் இணைய வானொலியைத் தொடங்கினர். விளம்பரம் இல்லை, சந்தா கட்டாயமில்லை. விரும்புவோர் விரும்பியதைத் தரலாம். பாடல்களை மனிதரே தேர்ந்து கோக்கின்றனர். சோமா எஃப்.எம். நிலையமும் இவ்வாறே கேட்போர் கொடையால் நடைபெறுகிறது. நாம் முன்னர்க் கண்ட 252 டாலர்க் கணக்கைக் கொடை எவ்வாறு ஈடு செய்யும் எனக் கேட்கலாம். அந்த 12,000 பேரும் நாள்தோறும் வரும் அதே கேட்போர் எனக் கொள்வோம். அவருள் 50-இல் ஒருவர் மாதம் 10 டாலர் தந்தாலும் 2,400 டாலர் வருகிறது. பதாகை மாதம் முழுவதும் தருவது 1,080 டாலரே. எனினும் மாத உரிமைத்தொகையான 7,560 டாலரைத் தனியே சுமக்க 16-இல் ஒருவர் தரவேண்டும். ஆகவேதான் வருவாய்க்கு ஏற்ற பங்கு என்னும் சட்டச் சலுகை இன்றிச் சிறு நிலையங்கள் பிழைத்திருக்கமாட்டா. கொடை ஒன்றே போதும் என்பார் இதனை மறந்து பேசுகின்றனர்.

இசை உருவாகும் முன்னரே கேட்போரிடம் பொருள் திரட்டும் வழியும் உண்டு. 'ஆர்ட்டிஸ்ட்ஷேர்' தளத்தின்வழி கேட்போர் முன்னதாகத் தந்த பொருளால் உருவான மரியா ஷ்னைடரின் ஜாஸ் இசைத் தொகுப்பு, கடைகளில் விற்கப்படாமலேயே 2005-இல் கிராமி விருது பெற்றது. 2012-இல் அமண்டா பால்மர் 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் ஏறத்தாழ 25,000 பேரிடமிருந்து 12 இலட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாகத் திரட்டினார். இசைக்கலைஞரான ஜாக் காண்டி 2013-இல் உடன் தொடங்கிய 'பேட்ரியான்' மாதந்தோறும் சிறுதொகை தரும் புரவலரைக் கலைஞரோடு இணைக்கிறது. தளம் அதில் ஒரு பங்கைப் பெறுகிறது. பெயரே புரவலரைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்ததாகும்.

2008-இல் கெவின் கெல்லி என்னும் எழுத்தாளர், உண்மையான அன்பர் 1,000 பேர் ஆண்டுக்கு 100 டாலர் தந்தால் ஒரு கலைஞர் வாழ இயலும் என எழுதினார். வள்ளல் ஒருவரை நாடி நடந்த பாணனின் வழித்தோன்றல் இன்று ஆயிரம் சிறு வள்ளல்களை நாடுகிறான். அவ்வாயிரவரைச் சேர்ப்பது எளிதன்று என்பதையும் கூறவேண்டும். 2007-இல் ரேடியோஹெட் குழுவினர் விரும்பிய விலைக்குத் தம் இசைத் தொகுப்பைத் தந்து வென்றனர் என்பர் பலர். பல்லாண்டு பெருநிறுவனத்தின் துணையால் உலகப் புகழ் பெற்றபின் அவர்கள் அதனைச் செய்தனர் என்பதைப் பலர் சொல்வதில்லை.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் கட்டணமின்றிப் பாடல் கேட்கும் பழக்கம் வேரூன்றியுள்ளது. அதனை விளம்பரத்தால் தாங்க முயன்ற பெருந்தளங்களின் நிலையை அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. 'கானா' 2022-இல் கட்டணமின்றிக் கேட்கும் வழியை மூடிச் சந்தா முறைக்கு மாறியது. 2023 இறுதியில் அதன் வணிகம் அதே குழுமத்தைச் சேர்ந்த வானொலி நிறுவனத்திற்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மாற்றப்பட்டது. நகரத்தில் ஒரு சிறு வீட்டின் விலைகூட அதனினும் மிகும்! 'ரெஸ்ஸோ' 2024 ஜனவரியில் இந்தியச் சேவையை நிறுத்தியது. ஏர்டெல் நிறுவனத்தின் 'விங்க்' மூடப்படும் என அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கில் கேட்போர் இருந்தும் இந்நிலை.

சிறு தளங்களுக்கு ஒரு வகையில் நம் நாடு அமெரிக்காவினும் ஏற்றது. ஒவ்வொரு செலுத்துகைக்கும் 30 சென்ட் என்னும் இடர் இங்கில்லை. 2016-இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையில் வங்கிக் கணக்கினின்று 10 ரூபாய் அனுப்பினாலும் பத்து ரூபாயும் போய்ச் சேரும். 2020 ஜனவரி முதல் வணிகரிடமும் அதற்குக் கட்டணம் விலக்கப்பட்டது. தேநீர்க் கடையில் நாள்தோறும் நாம் செய்வதைப் பாட்டுத் தளத்தில் செய்ய இயலாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை. 400 பேர் மாதம் 10 ரூபாய் தந்தால் 4,000 ரூபாய். ஒரு வட்டாரத்தின் நாட்டுப்புறப் பாடல்களையோ பழைய ஒலிநாடாக்களையோ தொகுத்து வைக்கும் தளத்தின் இடவாடகைக்கு அது போதும்.

அத்தகைய தளம் தொடங்க விழையும் மாணவர்கள் உரிமைச் சட்டத்தை முதலிற் கற்றல் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள். 1964-இல் வெளிவந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆயின் அதில் உள்ள பாட்டின் உரிமை வேறு. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அது அவர்தம் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் அவர்களுடைய உரிமைத்தொகைப் பங்கை மேலும் உறுதிப்படுத்தியது. எனவே பழைய இசைத்தட்டு என்பதனால் மட்டும் ஒரு பாடல் பொதுச் சொத்தாகிவிடாது. பாடலாசிரியரின் குடும்பத்தாரைத் தேடிக் கண்டு அவர் பங்கைச் செலுத்துவதற்கான செலவையும், அதற்குக் கணக்கு எழுதும் ஒருவரின் ஊதியத்தையும், முதல் மாதத்தின் 4,000 ரூபாயிலிருந்தே எடுத்துவைத்தல் வேண்டும்.